ஓடுவதற்கு ஏற்ற கல்யாண உடை

ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

சமாதானம் பேச எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ என் போன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய், நானும் உன்னுடையதைத் தடுத்து வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். இதைக் கேக் வண்டி ஓட்டுகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். என் கடைக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உன் கடைக்கும் போய் வருகிறவர் அவர் ஒருவர்தான். வாயைத் திறக்காத மனிதரும்கூட.

விஷயம் தொழில் சம்பந்தப்பட்டது. குடைப் பெண்ணுக்கு நீதான் மேடை அலங்காரம் செய்கிறாய் என்று கேள்விப்பட்டேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லாத நாளிலும் குடையை முகத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு வருவாளே, அவள்தான். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். கல்யாண உடை என்னிடம் தைக்கிறாள்.

அளவு எடுத்தபோது, "எவ்வளவு நீளம் வேணும்மா?" என்று கேட்டேன். எல்லாப் பெண்களும் மண்டபத்தையே பெருக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் கேட்பார்கள். இவள், "ஓடற மாதிரி தைங்க" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஊசி குத்திய துணியோடு கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மேல" என்றாள். கூட வந்திருந்த மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று ஒருவர் வந்தார். பெண்ணின் பெரியப்பா மகனாம். என்ன மரியாதை, என்ன பேச்சு! செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். தங்கைக்குத் தெரியாமல் ஒரு பரிசு வாங்க வேண்டுமாம், உடை என்ன நிறம் என்று கேட்டார். தந்த நிறம் என்றேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "நடக்கறப்போ அவ காலைத் தடுக்குமா?" என்று கேட்டார்.

எந்த அண்ணன் அதைக் கேட்பான், சொல். அவர் போனதிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. உன்னிடமும் வந்தாரா? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா

ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றால் நான் கேட்டுவிடுவேனா? முன்பு ஒரு கல்யாணத்தில், மண்டபம் நிறைய ஜனம் இருக்கும்போது மைக்கைப் பிடித்து, "கிழிஞ்சது என் தம்பி கட்டின மேடைக் கம்பியால, என் தையலால இல்ல" என்று சொன்னவள் நீ. அந்தக் கல்யாணப் பெண் உடை இடுப்பு வரைக்கும் கிழிந்து நின்ற நேரத்தில் உனக்கு உன் தையலின் மானம்தான் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வருகிற முதல் கடிதத்தில் ஒரு நலம்கூட விசாரிக்கவில்லை. நான் நலம். கேட்டதற்கு நன்றி.

அந்த ஆள் இங்கேயும் வந்தார். நல்ல மனிதர். தண்ணீர் குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார், என் கடையில் வேலை செய்கிறவர்கள்கூட அதைச் செய்வதில்லை. என்னிடம் அவர் மாமா மகன் என்று சொன்னதாக ஞாபகம். எந்த மண்டபம் என்று கேட்டார், சொன்னேன். பெண் எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டார், சொன்னேன். மேடைக்கு எந்தப் பக்கமாக ஏறுவாள் என்று கேட்டார். காகிதத்தில் படமே போட்டுக் கொடுத்தேன்.

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், கதவு காற்றில் அடித்தால் திருடன் என்பாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத ஒன்று ஞாபகம் வந்தது. குடைப் பெண் என்னிடமும் ஒன்று கேட்டாள். மேடைக்குப் பின்னால் இருக்கிற கதவை மட்டும் பூவால் மறைக்காதீர்கள் என்றாள். காற்றுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னிடம் பெரியப்பா மகன், என்னிடம் மாமா மகன். அக்கா, மற்றவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் தொழிலில்தான் யாரும் யாரிடமும் வாயைத் திறப்பதில்லையே. வாடிக்கையாளரைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, ஒரே கல்யாணத்துக்கு வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் மண்டபத்தில்தான் பார்த்துக்கொள்கிறோம்.

தம்பி

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

நலமா? கேட்டுவிட்டேன்.

மற்றவர்கள் எல்லோரையும் நேற்று மாலை என் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். உனக்கும் கேக் வண்டியில் சொல்லி அனுப்பினேன், நீதான் வரவில்லை. கேக்குக்கார அம்மா, போட்டோக்காரர், முக அலங்காரம் செய்கிற பெண், மண்டப மேனேஜர், எல்லோரும் வந்தார்கள். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. போட்டோக்காரருக்கும் மேனேஜருக்கும் ஏதோ பழைய வழக்கு. நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் கேக்கு அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரிடமும் போயிருக்கிறான். யாரிடமும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சாமான்கள் சமையலறைக் கதவு வழியாகப் போகும், அதைப் பூட்ட மாட்டார்கள் என்று கேக்கு அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தக் கதவிலிருந்து மாடி அறைக்குத் தனிப் படி இருக்கிறது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அலங்காரம் முடிந்ததும் பெண்ணைக் கொஞ்ச நேரம் அந்த அறையில் தனியாக விட்டுவிடுவேன், அப்போதுதான் மை காயும் என்று முக அலங்காரப் பெண் சொல்லியிருக்கிறாள். பெண் வீட்டில் யாரும் வரவில்லை, படத்தில் மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான் என்று போட்டோக்காரர் சொல்லியிருக்கிறார். எந்தக் கதவு, எந்தப் படி, எந்த அறை, எந்த நேரம், கூட யாரும் இல்லை என்பதுவரைக்கும். என் வெட்டுமேசையைச் சுற்றி உட்கார்ந்து நாங்களே அதைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்திருக்கிறோம், அவன் கையில் முழுசாக இருக்கிறது. முக அலங்காரப் பெண் அழுதுவிட்டாள்.

இன்று காலையில் குடைப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வரவழைத்துக் கேட்டேன். ஆள் எப்படி இருந்தான் என்றுகூட விசாரிக்கவில்லை அவள், "செருப்பைக் கழற்றிட்டு வந்தாரா?" என்றுதான் கேட்டாள். ஆமாம் என்றதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு முன்பு நிச்சயம் செய்திருந்தவன் அவன். இவள் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் கோபப்படவே இல்லையாம். "உன் கல்யாணத்துக்கு நான் வராம இருப்பேனா? கடைசியா உன்னைப் பார்க்கிற ஆள் நான்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். வீடு மாற்றினாள், ஊர் மாற்றினாள். அவளுடைய சொந்தக்காரர்களிடம் இனிக்க இனிக்கப் பேசி முகவரி வாங்கியவன் என்பதால் அவர்களோடு பேச்சையே விட்டுவிட்டாள். காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். "இன்னும் அவர் ஒண்ணும் செய்யலையேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

"எல்லாத்தையும் நிறுத்திடுங்கக்கா. நான் எங்கேயாவது போயிடறேன். இவருக்காவது உயிர் மிஞ்சும்" என்றாள். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ இல்லாத ஊர்ல எனக்கு என்ன வேலை?" என்றார். அந்த மனிதர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஏன் வரவில்லை?

அக்கா

செப்டம்பர் 2

அக்கா,

வரவில்லை என்றா சொல்கிறாய்? வந்தேன். உன் தெருமுனை வரைக்கும் வந்து, உன் கடை விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எல்லோரும் ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தார்கள் என்றால் நான் படமே போட்டுக் கொடுத்தவன். எந்த முகத்தோடு உள்ளே வருவது?

அதை விடு. இன்று அவன் மறுபடியும் என் கடைக்கு வந்தான். மேடை வளைவு எவ்வளவு கனம் தாங்கும் என்று கேட்டான். அப்புறம் சாதாரணமாக, "உங்க அக்கா கடையில அன்னைக்கு நிறையப் பேர் இருந்தாங்களே, ஏதாவது விசேஷமா?" என்றான். நீ என் அக்கா என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை.

அவன் உன் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் அக்கா. வெளிச்சம் இருக்கும்போதே கடையைச் சாத்திவிட்டுப் போ. தனியாக இருக்காதே. பெரிய கத்திரிக்கோலைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள். இனிமேல் யாரும் யார் கடைக்கும் கூட்டமாகப் போக வேண்டாம். எழுதுகிறதைக் கேக் பெட்டியின் அடி அட்டைக்குக் கீழே வைத்து அனுப்பலாம், வண்டிக்காரர் எல்லோருக்கும் சேர்த்துவிடுவார்.

வளைவு உறுதியானதுதான், முன்வாசலைச் சாத்திவிட்டுப் பெண்ணைப் பின்படி வழியாகக் கூட்டி வரும்படி ஏற்பாடு என்று வாயில் வந்ததை உளறினேன். அவன் உடனே, "மேனேஜர் அப்படிச் சொல்லலையே" என்றான். எனக்குத்தான் ஞாபகப் பிசகு என்று சமாளித்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சரிபார்க்கிறான். தனித்தனியாகப் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம். எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும், ஒரே மாதிரி, ஒரே நேரத்தில். அதற்கு நாம் தினமும் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். இந்த ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் நாம் செய்யாத காரியம் அது.

எனக்குத் தோன்றுவது இது. மண்டபத்தில் எதையும் மாற்ற வேண்டாம். பூ, கேக், போட்டோ எல்லாம் சொன்னபடி சொன்ன நாளில் நடக்கட்டும். அவன் எதைக் கேட்டாலும் பழைய பதிலையே சொல்வோம். அதே நேரத்தில் கல்யாணம் மட்டும் வேறு இடத்தில். என் பூக் கிடங்கு இருக்கிறது. அது இருப்பது உங்கள் ஆறு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜில்லென்று இருக்கும், வாளிகள் கிடக்கும், அழகாக இருக்காது.

தம்பி

செப்டம்பர் 8

தம்பிக்கு,

ஆறு பேர் என்று எழுதியிருக்கிறாய். வண்டிக்காரரையும் சேர்த்துத்தானே? நல்லது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாப்பிள்ளை கல்யாணத்தைப் பதிவு செய்கிற பதிவாளரம்மாவை நேரில் போய்ப் பார்த்து இடத்தை மாற்றிக் கேட்டார். அந்த அம்மாள் காரணத்தைக் கேட்டுவிட்டு, தானே கிடங்குக்கு வருகிறேன், யாரும் வந்து அழைக்க வேண்டாம் என்றாராம். நேற்று நாங்கள் எல்லோரும் தனித்தனியாகக் கிளம்பி, ஒன்றாகக் காவல் நிலையத்துக்குள் போனோம். அவன் ஒவ்வொருவரிடமும் கேட்டதை ஒருவர் பின் ஒருவராகச் சொன்னோம். கேக்கு அம்மா சொன்னபோது இன்ஸ்பெக்டர் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். முக அலங்காரப் பெண் சொல்லி முடித்தபோது பேனா நின்றுவிட்டது. கல்யாணத்தன்று மண்டபத்தில் மாற்றுடையில் ஆள் போடுகிறேன் என்றார். அந்தப் பெண் தனியாகப் போய்ச் சொன்னபோது கதையாகத் தெரிந்தது, நாங்கள் சேர்ந்து சொன்னபோது வழக்காகிவிட்டது. இதில் எனக்கு ஏனோ கோபம்தான் வருகிறது.

இப்போது கேள். இன்று அவன் வந்தான். நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு பெட்டியை மேசை மேல் வைத்துத் திறந்து காட்டினான். உள்ளே தந்த நிறத்தில் ஒரு ஜோடி செருப்பு. அவள் கால் அளவு. குதிகால் என் நடுவிரல் நீளத்துக்கு உயரம், அடியில் ஆணி மாதிரி முடிகிறது. கணுக்காலில் கட்ட வார், அதில் சின்னக் கொக்கி. அவிழ்க்க நேரம் எடுக்கும்.

"அவளுக்கு நீங்க வாங்கினதாவே இருக்கட்டும். இதைத்தான் போடணும்னு சொல்லுங்க" என்றான்.

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். எப்படிச் சிரித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவளுடைய உண்மையான உடை தயார். அலமாரியில் பழைய துணிகளுக்கு அடியில் இருக்கிறது. ஜன்னலில் வைக்க இன்னொன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். தரையில் ஒரு கஜம் இழுபடும், அதைப் போட்டுக்கொண்டு ஓடுவது இருக்கட்டும், திரும்பக்கூட முடியாது. அவன் பார்க்கட்டும், பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. மாடி அறையில் யாரும் இல்லை என்றால் அவன் வாசலிலேயே திரும்பிவிடுவான், அப்புறம் எப்போது எங்கே வருவான் என்று யாருக்கும் தெரியாது. அறைக்குள் வந்தால்தான் பிடிக்க முடியும். அந்த நீள உடையைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, குடையைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு நான் உட்காரலாம் என்று இருக்கிறேன். அவள் உயரம்தான் எனக்கும்.

அக்கா

செப்டம்பர் 11

அக்கா,

உனக்குப் பைத்தியமா? அடுத்த அறையிலிருந்து போலீஸ் ஓடி வருவதற்குள் அவன் கதவைச் சாத்திவிட்டால்? நீ எழுதியதைப் படித்ததிலிருந்து நான் எத்தனை பூவைக் காம்போடு சேர்த்து நறுக்கித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. நீ உட்கார்ந்தால் நான் இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். சத்தியமாகச் செய்வேன். நமக்கு அம்மா அப்பா இல்லை. கூடப் பிறந்தவள் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒரே ஒரு சண்டைக்காரிதான் இருக்கிறாள்.

உன் கடை ஜன்னலில் உடை மாட்டுகிற பொம்மை எதற்கு இருக்கிறது? அதை உட்கார வை. உட்காராது என்றால் நிற்கட்டும், ஜன்னல் பக்கம் பார்த்து நிற்கட்டும். தலைக்கு மேல் வலைத்துணியைப் போட்டுவிட்டால் பின்னாலிருந்து யாருக்குத் தெரியும்? துணி வண்டியோடு துணியாக மேனேஜர் மேலே ஏற்றிவிடுவார். அந்தக் குடையையும் பக்கத்தில் வை.

மண்டபத்தில் நான் இருக்கிறேன். நீ கிடங்கில் அவளோடு இரு. அவளுக்கு உடை போட்டுவிட நீ இல்லாமல் யார்? தவிர, இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் கம்பியா தையலா என்று ஆரம்பித்துவிடுவோம்.

தம்பி

செப்டம்பர் 20, மதியம்

தம்பி,

முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இங்கே எல்லோரும் நலம். அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு தகவலும் இல்லை. உன் நம்பரை இன்று காலையிலேயே திறந்துவிட்டேன். அடித்தால் மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. போட்டோக்காரரும் எடுக்கவில்லை. இதை எழுதுவது கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான். வண்டிக்காரர் வெளியே நிற்கிறார், முடித்ததும் கொண்டுவருவார்.

உன் கிடங்கு நீ சொன்ன மாதிரியே குளிர். வாளிகளுக்கு நடுவில்தான் இரண்டு பேரும் நின்றார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் யாராவது உண்டா என்று பதிவாளரம்மா கேட்டபோது நாங்கள் அத்தனை பேரும் கதவைத்தான் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். மாப்பிள்ளை அவளுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றார். ஏதோ பால் வண்டி, போய்விட்டது.

அவள் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத் தயாராக நின்றிருந்தாள். தூக்கிப் பிடிக்கவே வேண்டாம் என்றுதானே அப்படித் தைத்தேன். பயத்தில் அது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு வரி எழுதி அனுப்பு. ஒரே ஒரு வரி. நீ இருக்கிறாய் என்று மட்டும்.

அக்கா

செப்டம்பர் 20, மாலை

அக்கா,

இருக்கிறேன். எல்லோரும் இருக்கிறோம். சத்தம் கேட்டு அவன் உஷாராகிவிடுவான் என்று போன்களை எல்லாம் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. அவளிடம் முதலில் சொல், பிடித்துவிட்டார்கள்.

வந்தான். சமையலறைக் கதவு வழியாக வந்தான், கேக்கு அம்மா சொன்னபடியே. மிதியடியில் காலைத் துடைத்தான். மேனேஜர் சொன்ன படியில் ஏறினான், முக அலங்காரப் பெண் சொன்ன நேரத்தில் அறைக்குள் போனான். நாங்கள் எல்லோரும் சொன்னது ஒவ்வொன்றாக நடக்கிறதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டான். நீ அங்கே உட்கார்ந்திருந்தால் என்று நினைத்தேன்.

அவன் பேச ஆரம்பித்தான். மெதுவாக, அன்பாக. என்ன பேசினான் என்று உனக்கு எழுத மாட்டேன். அவள் திரும்பவில்லை என்று அவனுக்குக் கோபமே வரவில்லை. "முதல்ல காலைக் காட்டு, செருப்புச் சரியா இருக்கான்னு பார்ப்போம்" என்றான். அப்புறம் துணி கிழிகிற சத்தம் கேட்டது. அதற்குள் கதவை உடைத்துவிட்டார்கள்.

தரையில் மண்டியிட்டு, ஒரு கையில் உடையின் விளிம்பைத் தூக்கிப் பிடித்திருந்தான். அடியில் பொம்மையின் இரும்புக் கம்பம்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இன்னொரு கையில் இருந்ததைப் போலீஸ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றியும் எழுத மாட்டேன். அவளுக்கு எப்போதும் சொல்லாதே.

கூட்டிக்கொண்டு போகும்போது என் முன்னால் நின்றான். "அவ எங்கே?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அன்றைக்குக் கேட்ட அதே குரல். தெரியாது என்றேன். "உங்க அக்காவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவனை உள்ளே வைத்துவிட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகவில்லை. மற்றவர்களும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. மேனேஜரும் போட்டோக்காரரும் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இனிமேல் யார் எதைப் பற்றி விசாரித்தாலும் அன்றைக்கே மற்ற எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், அது எந்தக் கல்யாணமாக இருந்தாலும் சரி என்று கேக்கு அம்மா சொல்லிவிட்டாள். யாரும் மறுக்கவில்லை.

நீ தைத்த நீள உடை இடுப்பு வரைக்கும் கிழிந்துவிட்டது. இந்தத் தடவை அது என் தலையில் விழாது.

வண்டிக்காரரை இங்கே திருப்பி அனுப்பாதே. அவர்கள் இரண்டு பேரையும் ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் விடட்டும். நான் நேராக உன் கடைக்கு வருகிறேன். நீ அங்கே போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரு. கதவைத் தட்டி "நான்தான்" என்றால் திறந்துவிடாதே. கிழிந்தது கம்பியாலா தையலாலா என்று கேள். "தையல்தான்" என்று பதில் வந்தால் நான் என்று திற. "கம்பிதான், மன்னிச்சுக்கோ" என்று யாராவது சொன்னால் அது நானில்லை. திறக்காதே.

தம்பி